ஒவ்வொரு தாளின் தலையிலும்

தூத்துக்குடி கோரம்பள்ளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே, மக்கள் குறைதீர்க்கும் நாளான திங்கட்கிழமைகளில் நான் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு அன்று நான்கு பேர் வந்தார்கள். கடற்கரைக் கிராமம். மூத்தவர் நாட்டுப்படகுச் சம்மாட்டி, படகின் சொந்தக்காரர். மீன் வாங்கப் போகிற நைலான் பையிலிருந்து ஒரு கட்டை எடுத்து என் பலகைமேல் வைத்தார்.

"ரெண்டாயிரத்து நானூறு கையெழுத்து, அண்ணாச்சி. ரெண்டு மாசமா ராத்திரி ராத்திரியா அலைஞ்சு வாங்கினது. மேல ஒரு மனு மட்டும் எழுதி வச்சுத் தந்துட்டீங்கன்னா உள்ள குடுத்துட்டுப் போயிருவோம்."

புரட்டிப் பார்த்தேன். கோடு போட்ட நோட்டுத் தாள்கள். வரிசை எண், பெயர், கையெழுத்து, சிலதில் போன் நம்பர். சில இடங்களில் கைநாட்டு, மை பரவி. ஆனால் இத்தனை பேரும் எதற்காகக் கையெழுத்துப் போட்டார்கள் என்று ஒரு தாளில்கூட ஒரு வரி இல்லை.

அந்தக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் அதைச் சொல்வது எனக்கு லேசாக இல்லை. பகலெல்லாம் கடலில் கிடந்துவிட்டு வருகிற மனிதர் ராத்திரி ஊர் ஊராகப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். தலைப்பில்லாத தாளில் விழுந்த கையெழுத்தை எந்த மனுவுக்குக் கீழேயும் வைத்துத் தைக்கலாம். விசைப்படகுகள் அறுத்த வலைகளுக்காக அவர்கள் போட்ட கையெழுத்தை வேறொருவர் வேறொன்றுக்குப் பயன்படுத்தினால், "நான் இதற்குப் போடவில்லை" என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இருக்காது. அதனால்தான் வாங்குகிற அதிகாரியும் அப்படிப்பட்ட தாள்களை நம்புவதில்லை. அது அவருடைய குற்றமும் இல்லை.

நான் முப்பது வருஷத்துக்கு மேலாக மனு எழுதுகிறேன். முதல் பன்னிரண்டு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்துகொண்டே எழுதினேன். பிறகு இதுவே வேலையாகிவிட்டது. தூத்துக்குடியில் துறைமுகத் தொழிலாளி, உப்பளத் தொழிலாளி, மீனவர், மானாவாரி விவசாயி என்று எல்லாரும் என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது மக்களவை நடைமுறை விதிகளில் இருக்கிறது. நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுக்கிற உரிமை நம் எல்லாருக்கும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அந்த மனு எப்படி இருக்க வேண்டும் என்று மக்களவை விதிகள் சொல்கின்றன. கையெழுத்திடுகிற ஒவ்வொருவரின் முழுப் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். மனு எழுதப்பட்ட அதே தாளில் குறைந்தது ஒருவராவது கையெழுத்திட்டிருக்க வேண்டும். கையெழுத்துகள் பல தாள்களுக்குப் போனால், மனுவின் வேண்டுகோளை ஒவ்வொரு தாளின் தலையிலும் திரும்ப எழுத வேண்டும்.

இந்தக் கடைசி விதிக்குள் இருக்கிற அக்கறையை நான் நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன். நாற்பதாவது தாளில் கடைசி ஆளாகப் பேனா பிடிக்கிற பாட்டிக்கும், தான் எதைக் கேட்கிறோம் என்பது கண்ணெதிரே இருக்க வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். ஆட்சியர் அலுவலகத்துக்குக் கொடுக்கும் மனுவுக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் கிடையாது. ஆனாலும் என்னிடமிருந்து போகிற எல்லாக் கூட்டு மனுவிலும் அதைக் கடைப்பிடிக்கிறேன்.

சம்மாட்டி கேட்டார்: "அப்ப எத்தனை கையெழுத்து இருந்தா சட்டப்படி செல்லும், அண்ணாச்சி?"

எல்லாரும் கேட்கிற கேள்வி இது. நம் நாட்டில் இத்தனை பேர் கேட்டால் அரசு செய்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் எண்ணிக்கை வைக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் வைத்திருக்கிறார்கள். 18 மாதத்துக்குள் ஒரு லட்சம் வாக்காளர்கள் கையெழுத்திட்டால் அரசியலமைப்பைத் திருத்தும் யோசனையை நாடு தழுவிய வாக்கெடுப்புக்கு விட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தது ஏழு நாடுகளிலிருந்து பத்து லட்சம் பேர், 12 மாதத்துக்குள். ஆனால் அங்கேயும் பாருங்கள், கையெழுத்து வாங்கத் தொடங்குவதற்கு முன்பே வாசகம் முடிவாகிவிட வேண்டும். சுவிட்சர்லாந்தில் கையெழுத்துத் தாளின் வடிவத்தைக் கூட்டாட்சித் தலைமைச் செயலகம் முன்கூட்டியே சரிபார்க்கிறது. ஐரோப்பாவில் முதலில் பதிவு, பிறகுதான் கையெழுத்து. எண்ணிக்கைக்குச் சட்ட பலம் உள்ள ஊர்களிலேயே வாசகம்தான் முன்னால் போகிறது. எண்ணிக்கைக்குச் சட்ட பலம் இல்லாத நம் ஊரில் வாசகத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

நம்மிடம் எண்ணிக்கை கணக்கில் வருகிற இடம் ஒன்று உண்டு, கிராம சபை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன் கீழ் நடக்கும் கூட்டத்துக்கு, ஊரின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் எழுதப்படும் தீர்மானம் வெறும் கையெழுத்துக் கட்டைவிடப் பல மடங்கு கனம் உள்ளது. பதிவேட்டில் ஏறிவிட்ட தீர்மானத்தை யாரும் "வரவில்லை" என்று சொல்ல முடியாது. நகல் கேட்டு வாங்கலாம். ஊராட்சிக்காரர்கள் என்னிடம் வந்தால் முதலில் அடுத்த கிராம சபை எப்போது என்றுதான் பார்ப்பேன். திரேஸ்புரம் போல மாநகராட்சிக்குள் இருக்கிற மீனவர் குடியிருப்புகளுக்குக் கிராம சபை இல்லாதது எனக்கு எப்போதும் ஒரு குறைதான்.

அடுத்தது, யாருக்கு எழுதுவது. என் வேலையில் பாதி இதுதான்.

கரையில் நின்று பார்க்கிறவருக்குக் கடல் ஒரே தண்ணீர். சட்டத்தின் கண்ணில் அது பாகப் பிரிவினை ஆன சொத்து மாதிரி. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்கிறது தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983. அதை மீறினால் மீன்வளத் துறையிடம் போக வேண்டும். பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால் மீன்பிடி மத்திய அரசின் பட்டியலில் வருகிறது. வான் தீவு, காசுவார் பக்கம் ஏதாவது நடந்தால் வனத்துறை. தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை நீளும் 21 தீவுகள் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. துறைமுக எல்லைக்குள் என்றால் துறைமுக ஆணையம். தூத்துக்குடித் துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, இப்போது 2021-இன் பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டத்தின் கீழ் நடக்கிறது. தண்ணீரின் நிறம் மாறினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அலை ஏறும் கோட்டுக்குப் பக்கத்தில் கட்டடம் எழும்பினால் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம். ஒரே வள்ளம் காலையிலிருந்து சாயங்காலத்துக்குள் இத்தனை பேரின் எல்லையையும் தாண்டிவிட்டு வந்துவிடும். ஆனால் மனு தாண்டாது. தவறான மேசையில் இறங்கினால் அங்கேயே மக்கிப்போகும்.

அதனால்தான் மனுவுக்கு முன்னால் தகவல் கேட்கச் சொல்வேன். இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சலாபம் என்கிற முத்துக்குளிப்புப் பருவம் திறப்பதற்கு முன் ஒரு வேலை உண்டு. முத்துப் பார்களுக்குப் போய், குளியாட்களை இறக்கி, கொஞ்சம் சிப்பியை மாதிரிக்கு எடுத்துப் பார்ப்பார்கள். சிப்பிக்கு வயது போதுமா, எத்தனை சிப்பிக்கு எத்தனை முத்து, என்ன விலை போகும் என்று மதிப்பிடுவார்கள். கணக்குத் தேறினால்தான் எந்தப் பார், என்றைக்கு, எத்தனை தோணி என்று அறிவிப்பு வரும். 1961-க்குப் பிறகு இங்கே சலாபமே நடக்கவில்லை. ஆனால் அந்த முறை எனக்குள் தங்கிவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு எனக்கு அந்த மாதிரிச் சிப்பி. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, இந்த இடம் யாருடைய பொறுப்பு, இதற்கு முன் என்ன ஆணை போட்டிருக்கிறீர்கள், எத்தனை படகுமேல் நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்டால் 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது. வேறு அலுவலகத்தின் பொருள் என்றால் ஐந்து நாளுக்குள் அங்கே அனுப்பிவைக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் பொதுத் தகவல் அலுவலரே அதை எழுத்தில் கொண்டுவர உதவ வேண்டும். இந்தக் கடைசி வசதியைச் சட்டத்தின் ஆறாவது பிரிவில் படித்த அன்று, என் பிழைப்பில் ஒரு பங்கு போகிறதே என்று நான் வருந்தவில்லை. மனம் நிறைந்துதான் இருந்தது.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். பல வருஷம் முன்பு, மணப்பாடு பக்கத்து ஆட்களுக்காக டெல்லியில் ஓர் அலுவலகத்துக்குத் தமிழில் மனு அனுப்பினேன். ஆங்கிலத்திலோ இந்தியிலோ அனுப்பவும் என்று திரும்பி வந்தது. எந்த அலுவலகம் என்பது இப்போது முக்கியமில்லை. அதே மனுவை, ஒரு சொல்கூட மாற்றாமல், மேலே மூன்று வரி மட்டும் சேர்த்துத் திரும்ப அனுப்பினேன். அரசியலமைப்பின் 350-ஆவது உறுப்பின்படி, தன் குறையைத் தீர்க்கக் கோரி ஒன்றிய அரசின் அல்லது மாநில அரசின் எந்த அதிகாரிக்கும், அங்கே வழங்குகிற எந்த மொழியிலும் மனுக் கொடுக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று எழுதினேன். இரண்டாம் முறை பதில் வந்தது. அந்த மூன்று வரி இன்றைக்கும் என் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. நாடாளுமன்றத்துக்குப் போகும் மனுவுக்கு மட்டும் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பைச் சேர்க்க வேண்டும் என்று அவையின் விதி இருக்கிறது. அதை மதித்துச் சேர்க்கிறேன்.

350-ஆவது உறுப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய பயணம் நினைவுக்கு வரும். 1530-களில் இந்தக் கரைப் பரதவர்களின் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போனார்கள். முத்துக்குளிப்பு தங்கள் கையைவிட்டுப் போகிறது, எதிராளிகளிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று போர்ச்சுகீசியரிடம் முறையிட்டார்கள். குதிரை வணிகர் ஜோவாம் த குருஸ் வழிகாட்டினார். கேட்டது கிடைத்தது. கூடவே ஞானஸ்நானமும் புதிய அரசரின் குடிமையும் வந்தன. வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை கரையின் வாழ்க்கையே மாறியது. அதன் நன்மை தீமையை நான் எடைபோட வரவில்லை. பனிமய மாதா தேர் அசைகிறபோது இந்த ஊர் அழுகிற அழுகையை நேரில் பார்த்தவன் நான். மனு எழுதுகிறவனாக எனக்குப் படுவது ஒன்றுதான். அன்று கேட்கப் போனவர்கள் கையில் உரிமை என்று எதுவும் இல்லை. கருணையைத்தான் கேட்க முடிந்தது. கேட்டதற்குத் தங்களையே கொடுக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு என் முன்னால் உட்கார்கிற சம்மாட்டி எதையும் கொடுக்க வேண்டியதில்லை. இதை அவருக்கு நினைவூட்டுவதும் என் வேலைதான். அதனால் "காலில் விழுந்து கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதச் சொன்னால் எழுத மாட்டேன். கோயிலில் மன்றாட்டு வாசித்துப் பழகிய ஊர் இது. அந்தச் சொல்லிலேயே மன்று இருக்கிறது. மன்றத்தில் நின்று வழக்குரைப்பதுதான் மன்றாடுதல். குனிந்தபடி செய்கிற காரியம் இல்லை.

மரியாதை வேறு, கெஞ்சுவது வேறு. மனுவின் மொழி மரியாதையாகவும் கண்ணியமாகவும் அளவோடும் இருக்க வேண்டும் என்று மக்களவை விதியே சொல்கிறது. எனக்கு அது சம்மதம். கோபத்தில் வருகிறவர்களைக் கொஞ்ச நேரம் பேசவிடுவேன். வசை எல்லாம் கொட்டி முடிந்தபிறகு, அடியில் தேதியும் இடமும் அளவும் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி எழுதினால் வசையைவிட அது அதிகம் உறைக்கும்.

கோரிக்கை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். நம் சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு மாவட்டம் மாவட்டமாக வருகிறது. மனு ஒரே பிரச்சினை பற்றியதாக, ஒரே துறையைச் சார்ந்ததாக இருக்க வேண்டும், தமிழில் ஐந்து நகல்கள் வேண்டும், தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும் என்று அறிவிப்பிலேயே போடுகிறார்கள். நீதிமன்றத்தில் இருக்கிற வழக்கு, தனிப்பட்டவரின் பட்டா, முதியோர் உதவித்தொகை, வேலை கேட்பது இவையெல்லாம் கூடாது. அவற்றுக்கு ஜமாபந்தி இருக்கிறது, திங்கட்கிழமை இருக்கிறது. ஆனால் நம் ஆட்கள் ஒரே மனுவில் தூண்டில் வளைவு, குடிதண்ணீர், தெருவிளக்கு, பஸ், விசைப்படகு என்று எல்லாவற்றையும் ஏற்றிவிடுவார்கள். போகிறதே போகிறோம், எல்லாவற்றையும் கேட்டுவிடுவோம் என்ற எண்ணம். அப்படிப்பட்ட மனுவை உள்ளே பிரிக்கும்போது ஏதாவது ஒரு துறைக்கு மட்டும் போகும். தெருவிளக்குக்குப் பதில் வந்துவிடும். மனு முடிக்கப்பட்டது என்று குறிக்கப்பட்டுவிடும். மூன்று தாளில் மூன்று மனு எழுதுவதற்கு நான் கூடுதல் காசு வாங்குவதில்லை.

இனி தேதி. இதைப் பற்றி எழுதும்போது என் தவறு ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010-இல் வந்தது. தென்மண்டல அமர்வு சென்னையில். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். வக்கீல் இல்லாமலும் போகலாம். நமக்கு நல்ல கதவு திறந்திருக்கிறது என்று மகிழ்ந்தேன். அந்தச் சமயத்தில் ஓர் ஓடையை மண் போட்டு மூடிவிட்டார்கள் என்று ஒரு கிராமத்து இளைஞர்கள் வந்தார்கள். "ஊரே சேர்ந்து கேட்டால்தான் பலம், கையெழுத்து வாங்குங்கள்" என்று அனுப்பினேன். அவர்கள் உண்மையாக உழைத்தார்கள். மாதங்கள் போயின. ஆட்சியருக்கு, அமைச்சருக்கு, துறைச் செயலருக்கு என்று மனுப் போட்டுப் பதிலுக்குக் காத்திருந்தோம். கடைசியில் தீர்ப்பாயம் போகலாம் என்று ஒரு வக்கீலிடம் கூட்டிப்போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "ஓடை மூடினது என்னைக்கு?" சட்டத்தின் 14-ஆவது பிரிவில், வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதற்கு மேல் இல்லை. மனுப் போட்டுக் காத்திருந்த காலம் எங்களுக்காக நிற்கவில்லை. நாங்கள் 60 நாளையும் தாண்டியிருந்தோம். அந்தப் பையன்கள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் வலிக்கிறது.

அன்றிலிருந்து மனுவில் பேனா வைப்பதற்கு முன் தனித் தாளில் இரண்டு தேதி எழுதுவேன்: சம்பவம் நடந்த தேதி, சட்டத்தின் வாசல் சாத்தும் தேதி. கையெழுத்து வாங்குகிறவர்களிடம் அந்தத் தாளைத்தான் முதலில் கொடுப்பேன்.

ஒப்புகையையும் அப்படித்தான் பார்க்கிறேன். நேரில் கொடுத்தால் எண்ணும் தேதியும் உள்ள சீட்டு. தபாலில் போனால் சேர்ந்ததற்கான அத்தாட்சி. 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. பழைய ஒப்புகை அட்டையைப் பார்த்துப் பழகிய என் கண்ணுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. 2017 அக்டோபர் 23-ஆம் தேதி, அதுவும் திங்கட்கிழமைதான், பக்கத்து நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் கணவனும் மனைவியும் இரண்டு குழந்தைகளும் தீயில் போனார்கள். திரும்பத் திரும்ப மனுக் கொடுத்திருந்த குடும்பம். அதற்குப் பிறகு என்னிடம் வருகிற ஒவ்வொருவரிடமும், "இதுக்கு முன்னாடி எத்தனை தடவை வந்தீங்க?" என்று கேட்காமல் எழுதுவதில்லை. பழைய மனுக்களின் எண்ணும் தேதியும் முதல் பத்தியிலேயே போகும். ஐந்தாவது முறை வருகிறவர் முதல் முறை வருகிறவர் மாதிரி உள்ளே போகக் கூடாது.

சட்டம் குடிமகனின் தாளுக்கு அதிகபட்ச மரியாதை தருகிற இடம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று நினைக்கிறேன். 2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய ஆலையோ துறைமுக விரிவாக்கமோ வருமுன் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, சம்பந்தப்பட்ட இடத்திலோ அதற்கு அருகிலோ கூட்டம் நடத்த வேண்டும். சுருக்க அறிக்கை தமிழில் கிடைக்க வேண்டும். ஆட்சியரோ அவருடைய உயர் பிரதிநிதியோ தலைமை தாங்குவார். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கணக்கு கிடையாது. ஒரே ஒருவர் எழுந்து சொன்னாலும் அது பதிவாக வேண்டும். முடிவில் பதிவு செய்ததை நம் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். எழுப்பிய கேள்விக்கு நிறுவனம் இறுதி அறிக்கையில் பதில் எழுத வேண்டும். ஆகவே அங்கே போகிறவர்களைக் கோஷத்துக்கு நான் தயார்செய்வதில்லை. பெயர், ஊர், ஒரே ஒரு விஷயம். பேசிவிட்டு அதையே எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்க வேண்டும். வாசித்துக் காட்டும் வரை வீட்டுக்குப் போகக் கூடாது. பலர் பேசி முடித்ததும் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கேதான் ஒரு சொல் மாறிப்போகும்.

2018-ஐப் பற்றி எழுதாமல் இந்த ஊரில் மனுவைப் பற்றி எழுத முடியாது. ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடக் கோரிய போராட்டத்தின் நூறாவது நாள், மே 22. ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி மக்கள் நடந்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் அன்றும் மறுநாளுமாக 13 பேர் இறந்தார்கள். அவர்கள் நடந்து போன சாலையில்தான் நான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் போகிறேன். ஆலையைப் பற்றிய முறையீடு அதற்கு இருபது ஆண்டுக்கு முன்பே தொடங்கியது. உயர் நீதிமன்றத்தில் 1996-இல் ரிட் மனு. 2010 செப்டம்பர் 28-இல் மூடச் சொல்லித் தீர்ப்பு. 2013 ஏப்ரல் 2-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது, ஆனால் மாசுக்காக 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. 2018 மே 28-இல் அரசின் மூடல் ஆணை. பசுமைத் தீர்ப்பாயம் அதை நீக்கியது. தீர்ப்பாயத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 18-இல் சொன்னது. 2020 ஆகஸ்ட் 18-இல் உயர் நீதிமன்றம் மூடலை உறுதி செய்தது. 2024 பிப்ரவரி 29-இல் உச்ச நீதிமன்றத்தில் நிறுவனத்தின் மேல்முறையீடு தள்ளுபடியானது.

அந்த மே மாதத்துக்குப் பிறகான வாரங்களில் நான் எழுதியவை எல்லாம் சின்னச் சின்ன மனுக்கள். மருத்துவச் சான்றின் நகல் வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் வேண்டும். ரோட்டில் விட்டுவந்த பைக்கைத் திருப்பித் தர வேண்டும். ஒரு தாய் வந்து, மகனுடைய செருப்பு கிடைக்குமா என்று ஒரு மனு எழுதச் சொன்னார். எந்த அதிகாரிக்கு எழுதுவது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. யோசித்து மூன்று அதிகாரிகளுக்கு எழுதினேன். மனு எழுதியிருந்தால் இவ்வளவு நடந்திருக்காது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மனு எழுதி எழுதித்தான் அவர்கள் நடந்தார்கள். ஆனால் வழக்கு மேலே மேலே போனபோது, தேதியோடும் முத்திரையோடும் இருந்த ஒவ்வொரு பழைய தாளுக்கும் ஒரு வேலை இருந்தது. அதையும் பார்த்தேன்.

சம்மாட்டியிடம் திரும்பி வருகிறேன். அந்த 2,400 கையெழுத்தை நான் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பெயர்ப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள், யாரிடம் போக வேண்டும் என்பதற்கு அது உதவும் என்றேன். தகவல் மனு ஒன்று போட்டோம். பதில் ஒரு மாதத்தில் வந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எழுதிய மனுவை எடுத்துக்கொண்டு அவர்கள் ஊருக்கே போனேன். வலை பின்னுகிற கொட்டகையில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். ஒரு பக்கம்தான். மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகுகள் வந்து நாட்டுப்படகு மீனவர்களின் வலைகளை அறுத்துப் பெருத்த நஷ்டம் ஏற்படுத்துகின்றன என்று இருந்தது.

மூலையில் ஒரு பெரியவர். பழைய சங்குக் குளியாள். அவர் கையை உயர்த்தினார்.

"பெருத்த நஷ்டம்னு போட்டிருக்கே தம்பி. எத்தனை வல? என்னைக்கு?"

கொட்டகை அமைதியானது. பிறகு ஒருவர் வீட்டுக்குப் போய் மகளின் பள்ளி நோட்டைக் கொண்டுவந்தார். வலை அறுந்த நாளையெல்லாம் குறித்துவைத்திருந்தார், தேதி, எத்தனை பாகம் கடல், வலையின் விலை. இன்னொருவர் போனில் எடுத்த படங்களைக் காட்டினார், தேதி அதிலேயே இருந்தது. ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து, "பெருத்த நஷ்டம்" என்ற இரண்டு சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் அட்டவணை போட்டோம். வலை இழந்தவர்கள் மட்டும் கையெழுத்திடுவது என்று ஊரே முடிவு செய்தது. நாற்பத்தாறு பேர். நான்கு தாள். நான்கின் தலையிலும் வேண்டுகோளை என் கையால் எழுதினேன்.

பெரியவர் கைநாட்டு வைக்க வேண்டும். மூன்று முறை வைத்தும் ரேகை விழவில்லை. உப்புத்தண்ணியிலும் சங்கிலும் தேய்ந்த விரல். மை மட்டும் வட்டமாக ஒட்டியது. அவர் எழுந்து போய் நல்ல தண்ணியில் கையைக் கழுவிவிட்டு வந்தார். பேத்தி தாவணி முனையால் துடைத்துவிட்டாள். விரல் காயும் வரை எல்லாரும் பேசாமல் காத்திருந்தோம்.